மூளைச்சாவு அடைந்தவரின் இருதயம்: துடித்தால் மட்டும் போதுமா?

ஜெலுத்தோங் வாசகர்:
கடந்த ஆண்டு பினாங்கில், மோட்டார் சைக்கிள் விபத்தில் சிக்கிய என் சித்தப்பா மகன் மூளைச்சாவு அடைந்தான். வயது 26, வாரந்தவறாமல் காற்பந்து ஆடியவன். குடும்பம் கூடி அழுது, உறுப்புதானத்திற்குச் சம்மதித்தது. சிறுநீரகங்களை ஏற்றுக்கொண்ட மருத்துவர்கள், எக்கோ பரிசோதனையில் (ஒலி அலையால் இருதயத்தைப் படம் பிடிப்பது) சரியாகச் சுருங்கவில்லை என்று கூறி இருதயத்தை மட்டும் ஒதுக்கிவிட்டார்கள். "என் பிள்ளையின் இருதயத்தில் என்ன குறை?" என்று சித்தி இன்றும் கேட்கிறார். கண்முன்னே துடித்த இருதயத்தை ஒரே பரிசோதனையில் கழித்துவிட்டது அலட்சியம் என்பதே என் வாதம்.

பிரிக்பீல்ட்ஸ் தாதி:
தம்பி, அந்த இருதயத்தில் முன்பே குறை இருந்திருக்க வேண்டியதில்லை. மூளை சாகும் நேரத்திலேயே இருதயமும் அடி வாங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்பதால் கண்டதைச் சொல்கிறேன். மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி மூளைத்தண்டு நெரிபடும்போது, திரையில் இரத்த அழுத்தம் 220ஐத் தாண்டும். நாடித்துடிப்போ 45க்கு இறங்கும். பிறகு அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் வெள்ளமாகப் பாய, துடிப்பு 150க்கு எகிறும். அந்தப் புயலில் தசைச் செல்களுக்குள் கால்சியம் அளவுக்கு மீறிப் புகுந்து இழைகள் இறுகிப்போகின்றன. இருதயத்தின் உட்சுவருக்கு இரத்தம் போதுவதில்லை. புயல் ஓய்ந்ததும் இரத்தக் குழாய்கள் தளர்ந்து, அழுத்தம் சடாரென்று விழும். மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி செயலிழந்து, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் ஹார்மோன் வருவது நின்றுவிடுவதால், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை பச்சைத் தண்ணீர்போல் நிறைந்துகொண்டே இருக்கும். இரவெல்லாம் அதைக் காலி செய்தபடியே நின்றதுண்டு.

செந்தூல் மாறன்:
அக்கா விவரித்ததே மருத்துவர்களின் முடிவை நியாயப்படுத்துகிறது. மாற்றிய சிறுநீரகம் வேலை செய்யத் தாமதித்தால் டயாலிசிஸ் செய்து காத்திருக்கலாம். இருதயமோ பொருத்திய நிமிடத்திலிருந்தே முழு உடலையும் சுமக்க வேண்டும். பினாங்கில் எடுத்ததைக் கோலாலம்பூரில் உள்ள ஐஜேஎன் (தேசிய இருதயக் கழகம்) வரை கொண்டு செல்வதையும் கணக்கில் கொள்ளுங்கள். பனிப்பெட்டியில் வைத்த இருதயம் ஏறக்குறைய 4 மணி நேரம்தான் தாங்கும். நெடுஞ்சாலைப் பயணமே அதை விழுங்கிவிடும் என்பதால் விமானம்தான் கதி. ஏற்கெனவே நொந்த இருதயத்தை அப்படி அனுப்புவது, மறுமுனையில் படுத்திருப்பவரின் உயிரைப் பணயம் வைப்பதாகும்.

பிரிக்பீல்ட்ஸ் தாதி:
தூரத்தைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் மயங்கிய இருதயம் வேறு, மாண்ட இருதயம் வேறு. புயலுக்குப் பின் சோர்ந்து காணப்படும் இளம் இருதயங்களில் பல, திரவ அளவைச் சீர்செய்து, வாசோபிரசின் கொடுத்து, இரத்த அழுத்தத்தைத் தாங்க மருந்தாக ஏற்றும் நார்அட்ரினலின் அளவைப் படிப்படியாகக் குறைத்தால், சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மீள்கின்றன. ஆகவே முதல் எக்கோவையே தீர்ப்பாகக் கொள்ளாமல், மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

செந்தூல் மாறன்:
மீட்டெடுக்கலாம் என்ற நம்பிக்கை புதிதன்று. 1980களில் கேப் டவுனில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர்கள், இருதயம் சோர்வதற்குத் தைராய்டு ஹார்மோன் வீழ்ச்சியே காரணம் என்று கருதி அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதன்பின் பல நாடுகளில் அது வழக்கமானது. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இரத்த அழுத்தம் நிலைகுலைந்திருந்த மூளைச்சாவுக் கொடையாளர்கள் 838 பேரிடம் சோதித்தபோது, லெவோதைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் மருந்து பெற்றவர்களில் 54.9 விழுக்காட்டினரின் இருதயமும், பெறாதவர்களில் 53.2 விழுக்காட்டினரின் இருதயமும் பொருத்தப்பட்டன. வேறுபாடு இல்லை என்றே பொருள்.

பிரிக்பீல்ட்ஸ் தாதி:
அதே எண்களை இன்னொரு முறை பாருங்கள். இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க மருந்து தேவைப்பட்ட அந்தக் கொடையாளர்களில், லெவோதைராக்சின் பெறாதவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோரின் இருதயங்கள் பயன்பட்டிருக்கின்றன. லெவோதைராக்சின் தோற்றது, பொறுத்திருந்து பராமரிப்பது தோற்கவில்லை.

செந்தூல் மாறன்:
பொறுத்திருப்பதற்கும் விலை உண்டு, அக்கா. இடையில் இருதயம் நின்றுபோனால் சிறுநீரகங்களும் கைவிட்டுப் போகலாம். உடலுக்காகக் காத்திருக்கும் குடும்பத்திடம் இன்னும் ஒரு நாள் கேட்பது எளிதா?

ஜெலுத்தோங் வாசகர்:
எங்களிடம் கேட்டிருந்தால் சித்தி இரண்டு நாள்கூடக் கொடுத்திருப்பார். நேற்றிரவு பழைய கோப்பைப் புரட்டினேன். மூளைச்சாவு உறுதியான நேரம் காலை 9.40, எக்கோ எடுத்தது 11.15. அதன்பின் மறுநாள் அதிகாலையில்தான் அறுவைக் கூடத்திற்குக் கொண்டு சென்றார்கள். இடைப்பட்ட நேரத்தில் இரண்டாவது எக்கோ எடுத்ததாக ஒரு தாளும் இல்லை. அலட்சியம் என்ற சொல்லை மீட்டுக்கொள்கிறேன், மாறன். ஆனால் அந்த ஒரு தாளுக்கு உங்களிடம் பதில் உண்டா?

செந்தூல் மாறன்:
இல்லை. அதை மட்டும் எடுத்திருக்கலாம்.