போனில் விளையாடுவது பையன்கள் மட்டும்தானா?

பேட்டைக்காரன்:
எங்கள் தெருவில் ராத்திரி பதினொரு மணிக்கும் "ஏல, பின்னாடி வாரான் பாருல! ரிவைவ் பண்ணுல!" என்று ஒரே கூப்பாடு. எல்லாம் பிளஸ் டூ பையன்கள். பெண்பிள்ளை ஒருத்திகூடக் கிடையாது. ஆன்லைன் கேம் இளவட்டப் பையன்கள் சமாச்சாரம் என்பதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

முக்கூடல் மருமகள்:
சத்தம் போடுகிறவர்களை மட்டும் எண்ணினால் அப்படித்தான் வரும் அண்ணாச்சி. எங்கள் அத்தைக்கு மடியில் சுளகு, பக்கத்தில் போன். இலை வெட்டிக் கை ஓய்ந்தால் கேண்டி கிரஷ் மிட்டாய் ஆட்டம். லைஃப், அதாவது ஆடக் கிடைக்கும் வாய்ப்பு, தீர்ந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பீடி சுற்ற ஆரம்பித்துவிடுவார். அரை மணி நேரத்தில் ஒரு லைஃப் திரும்பி வரும், அதற்குள் ஒரு கட்டு முடிய வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு. 2020 ஊரடங்கில் எங்கள் வீட்டில் எல்லோர் போனிலும் லூடோ கிங் ஏற்றிவிட்டதும் மதினிதான்.

பேட்டைக்காரன்:
மிட்டாய் நகர்த்துவதெல்லாம் ஒரு கேமா தங்கச்சி? நாலு பேர் சேர்ந்து திட்டம் போட்டு ஆட வேண்டாமா? 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை வந்தபோது இந்தப் பையன்கள் சோறு இறங்காமல் கிடந்தார்கள். அதுதான் ஆட்டம்.

வண்ணாரப்பேட்டை வாசி:
நாங்கள் ஹாஸ்டலில் நாலு பெண்கள் சேர்ந்து, பப்ஜிக்குப் பதிலாக இந்தியாவுக்கு வந்த பிஜிஎம்ஐ ஆடுகிறோம். ஐடி எல்லாம் ஆண் பெயரில். மைக் மியூட். குரல் கேட்டால் போதும், "எந்த ஊரு, நம்பர் குடு" என்று ஆரம்பித்துவிடுவார்கள். உங்கள் தெருப் பையன்களே எங்களிடம் தோற்றிருக்கலாம், யார் கண்டது!

பாளை வாத்தியார்:
என் வயது ஆண்களைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே வே. சம்பளத்தை ஆன்லைன் ரம்மியில் விட்டவர்கள் என் பழக்கத்திலேயே உண்டு. அதைத் தடுக்க 2022-ல் மாநிலச் சட்டம் வந்தது. 2023-ல் உயர்நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொல்லி விலக்கியது. 2025-ல் மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்தது. இதெல்லாம் பிளஸ் டூ பையன்களுக்காகவா வந்தது?

பேட்டைக்காரன்:
அது சூது சார், இதில் சேர்க்காதீர்கள்.

முக்கூடல் மருமகள்:
மிட்டாய் கேம் இல்லை, ரம்மியும் கேம் இல்லை. சலித்துச் சலித்து உங்கள் தெருவை மட்டும் மிச்சம் வைத்துவிட்டீர்கள்.

வண்ணாரப்பேட்டை வாசி:
அந்தத் தெருக் கணக்காவது சரியா? பதினெட்டு வயதுக்குக் கீழே நாளைக்கு மூன்று மணி நேரம்தான் பிஜிஎம்ஐ விடும். அதனால் என் தம்பி அப்பா நம்பரில் ஆடுகிறான். கம்பெனிக்காரன் கணக்கில் நான் ஆம்பிளை, தம்பி நடுவயதுக்காரர்!