கொழுந்துக் கிலோ மூன்று மடங்காக வருகிறது, ஜாயினில் என்ன சிக்கல்?

கொட்டகலை மாணவி:

வணக்கம். முதலாம் வருடம் படிக்கிறேன், டேட்டாபேஸ் பாடத்துக்கு ஒரு சின்ன சிஸ்டம் செய்து காட்ட வேண்டும். வகுப்பில் பலரும் நூலகம், ஹோட்டல் புக்கிங் என்று எடுத்தார்கள், நான் தேயிலைத் தோட்டத்துச் சம்பளக் கணக்கை எடுத்தேன். அம்மா கொழுந்து எடுக்க மலைக்குப் போகிறவர், சம்பளத் துண்டு வந்தால் எதற்கு எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று வாசித்துச் சொல்வது சின்ன வயதிலிருந்தே என் வேலை, அதனால் இதை ஒழுங்காகச் செய்ய ஆசை.

டேபிள் மூன்று. தொழிலாளி (இலக்கம், பெயர், டிவிஷன்), கொழுந்து (இலக்கம், திகதி, மாதம், மலை, கிலோ), பிடித்தம் (இலக்கம், மாதம், வகை, தொகை). பிடித்தத்தில் தீபாவளி முற்பணம், சங்கச் சந்தா, தேயிலைத் தூள் மாதிரியானவை. உள்ளே இருப்பதெல்லாம் நானே போட்ட மாதிரித் தரவு, யாருடைய உண்மையான கணக்கும் இல்லை. டேபிள்களை ஜாயினால் இணைத்து, சம்மால் ஆள் ஆளாகக் கூட்டுகிற குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) இதுதான், வாசிக்க இலகுவாகத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன்:

செலக்ட் தொ.இலக்கம், தொ.பெயர், கொ.மலை, சம்(கொ.கிலோ), சம்(பி.தொகை)
ஃப்ரம் தொழிலாளி தொ
ஜாயின் கொழுந்து கொ ஆன் கொ.இலக்கம் = தொ.இலக்கம்
லெஃப்ட் ஜாயின் பிடித்தம் பி ஆன் பி.இலக்கம் = தொ.இலக்கம்
வேர் கொ.மாதம் = 6 அண்ட் பி.மாதம் = 6
குரூப் பை தொ.இலக்கம்

214ஆம் இலக்கத்துக்கு ஜூனில் ஐந்து நாள் கொழுந்து போட்டிருக்கிறேன்: 18, 21, 18, 24, 19. கூட்டினால் 100, குவெரி 300 என்கிறது. பிடித்தம் மூன்று வரி: 1500, 250, 300. 2050 வர வேண்டிய இடத்தில் 10250 வருகிறது. தோழி ஒருத்தி சம்முக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒரு தடவை மட்டும் எடுப்பது) போடச் சொன்னாள், போட்டதும் பிடித்தம் 2050 என்று சரியாகிவிட்டது, ஆனால் கிலோ 82 ஆகிவிட்டது. அப்புறம் எந்தப் பிடித்தமும் இல்லாத 231 பட்டியலிலேயே இல்லை, மறுபக்கத்தில் வரி இல்லாவிட்டாலும் ஆளை வைத்துக்கொள்கிற லெஃப்ட் ஜாயின் போட்டும் காணோம். இது போதாதென்று, வீட்டு லேப்டாப்பில் எக்ஸாம்ப் (XAMPP) என்ற மென்பொருள் தொகுப்பில் ஓடுகிற இதே குவெரி கெம்பஸ் லேப்பில் 1055 என்று பிழை காட்டி நின்றுவிடுகிறது, அங்கே இருக்கிற டேட்டாபேஸ் மென்பொருள் மைஎஸ்கியூஎல் 8. அடுத்த கிழமை வைவா (வாய்மொழிப் பரீட்சை). யாராவது உதவுங்கள்.

பண்டாரவளை அண்ணன்:

தங்கச்சி, முதலில் சம்மையும் குரூப் பையையும் எடுத்துவிட்டு, 214க்கு மட்டும் வெறும் ஜாயினை ஓட்டிப் பாருங்கள். எத்தனை வரி வருகிறது? கிலோவையும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக வாசியுங்கள்.

கொட்டகலை மாணவி:

15 வரி அண்ணா. முதல் நாள் 18 கிலோ மூன்று தடவை வருகிறது, ஒரு தடவை முற்பணத்தோடு, ஒரு தடவை சந்தாவோடு, ஒரு தடவை தூளோடு. மற்ற நாட்களும் அப்படித்தான். ஆனால் அந்தத் திகதிக்கும் சந்தாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லையே?

பேராதனை சீனியர்:

கேட்டீர்களே, அதுதான் முழு விஷயமும். தொடர்பில்லை, ஆனால் ஜாயினிடம் நீங்கள் சொன்ன நிபந்தனை இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அந்த நிபந்தனைக்குப் பொருந்துகிற எல்லாச் சோடிகளையும் அது கொடுக்கும், கொடுக்கத்தான் வேண்டும். ஐந்து கொழுந்து வரி, மூன்று பிடித்த வரி, 15 சோடி. ஒவ்வொரு கிலோவும் மூன்று தடவை எண்ணப்படுவதால் 300, ஒவ்வொரு பிடித்தமும் ஐந்து தடவை எண்ணப்படுவதால் 10250. சரிபார்க்க, ஜூனில் ஒரே ஒரு பிடித்தம் மட்டும் உள்ள ஒரு ஆளை எடுத்துப் பாருங்கள், அவருடைய கிலோ சரியாக இருக்கும், பிடித்தம் மட்டும் பிழையாக வரும். பத்துப் பேரில் இரண்டு பேருக்குச் சரியான விடை வந்துவிட்டால் குவெரியே சரி என்று நம்பிவிடுவோம், இந்தச் சிக்கலில் பயப்பட வேண்டிய இடம் அது.

டிஸ்டிங்க்ட் மருந்து இல்லை. சம்முக்குள் போட்டால் அது வரிகளைப் பார்க்காது, எண்களைத்தான் பார்க்கும். 214 இரண்டு நாள் 18 கிலோ எடுத்திருக்கிறார், அதில் ஒரு 18ஐ விட்டுவிடுகிறது, அதனால்தான் 82. பிடித்தம் சரியாக வந்தது அந்த மூன்று தொகையும் வேறு வேறாக இருந்ததால் மட்டும். நாளைக்கு இரண்டு பிடித்தம் 250 ஆக வந்தால் அதுவும் போச்சு. ஒரு பெண் ஒரு நாள் முழுக்க எடுத்த கொழுந்து கணக்கிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போவது சின்ன விஷயமல்ல.

செய்ய வேண்டியது: கூட்டிவிட்டுப் பிறகு இணைப்பது. இரண்டு பக்கத்தையும் முதலில் ஆளுக்கு ஒரு வரியாகச் சுருக்குங்கள்.

செலக்ட் தொ.இலக்கம், தொ.பெயர், கொ.மொத்தக்கிலோ, பி.மொத்தத்தொகை
ஃப்ரம் தொழிலாளி தொ
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் இலக்கம், சம்(கிலோ) அஸ் மொத்தக்கிலோ ஃப்ரம் கொழுந்து வேர் மாதம் = 6 குரூப் பை இலக்கம்) கொ ஆன் கொ.இலக்கம் = தொ.இலக்கம்
லெஃப்ட் ஜாயின் (செலக்ட் இலக்கம், சம்(தொகை) அஸ் மொத்தத்தொகை ஃப்ரம் பிடித்தம் வேர் மாதம் = 6 குரூப் பை இலக்கம்) பி ஆன் பி.இலக்கம் = தொ.இலக்கம்

ஒவ்வொரு பக்கமும் ஆளுக்கு ஒரு வரிக்கு மேல் போகாது, அதனால் பெருக்கம் நடக்க வழியே இல்லை.

231 காணாமல் போனதற்குக் காரணம் உங்கள் வேர் (வரிகளை வடிகட்டுகிற நிபந்தனை). லெஃப்ட் ஜாயின் அவரை வைத்துக்கொண்டது, பிடித்தப் பக்கத்தை நல் (மதிப்பே இல்லாத வெற்றிடம்) ஆக நிரப்பியது. அதற்குப் பிறகு வேர் வந்து பி.மாதம் = 6 ஆ என்று கேட்கிறது. நல்லை எதோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, தெரியாது என்பதுதான், வேர் உண்மையான வரிகளை மட்டுமே உள்ளே விடும். வலப்பக்க டேபிளின் நிபந்தனையை ஜாயினின் ஆன் பகுதிக்குள் எழுத வேண்டும், அல்லது மேலே எழுதியது போல உள்குவெரிக்குள்.

வைவாவுக்கு ஒரு விஷயம். 1970இல் ஐபிஎம்மில் இருந்த கோட், தரவை டேபிள்களாக வைக்கும் ரிலேஷனல் மாடலை எழுதியதிலிருந்து ஜாயின் இப்படித்தான், அதில் குறை இல்லை. உங்கள் பாடம், டேபிள்களைப் பிரிக்கும் விதிகளில் ஒன்றான பிசிஎன்எஃப்போடு நின்றிருக்கலாம். அதற்கு அடுத்த நான்காம் நோர்மல் ஃபோர்ம் 1977இல் ஃபேகின் கொண்டுவந்தது, ஒரே ஆளைப் பற்றிய, ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பல்மதிப்பு (ஒருவருக்கே பல வரக்கூடிய) விவரங்களை ஒரே டேபிளில் வைக்காதே என்கிறது. நீங்கள் டேபிள்களைச் சரியாகத்தான் பிரித்தீர்கள். பிரித்ததை ஜாயினில் மறுபடி ஒன்றாகக் கலந்ததில்தான் அந்த 15 வரி பிறந்தது. இதை உங்கள் சொந்த வார்த்தையில் சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பண்டாரவளை அண்ணன்:

1055க்கு நான் சொல்கிறேன். எக்ஸாம்ப் தொகுப்பில் இருப்பது மைஎஸ்கியூஎல் இல்லை, மரியாடிபி என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள். குரூப் பை விஷயத்தில் இரண்டுக்கும் இயல்பு அமைப்பு வேறு. மைஎஸ்கியூஎல்லில் 5.7 பதிப்பிலிருந்து ஒன்லி ஃபுல் குரூப் பை என்கிற கட்டுப்பாடு தானாகவே இயங்குகிறது, மரியாடிபியில் நாமாகப் போட்டால்தான் உண்டு. உங்கள் செலக்டில் கொ.மலை இருக்கிறது. 214 ஐந்து நாளில் மூன்று மலையில் எடுத்திருந்தால், ஒரே வரியில் எந்த மலையைக் காட்டுவது? மரியாடிபி ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டுப் போகும், மைஎஸ்கியூஎல் 8 முடியாது என்று நிறுத்தும். பெயருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, இலக்கம் பிரைமரி கீ (ஒரு வரியைத் தனித்து அடையாளம் காட்டுவது) என்பதால் பெயர் அதைச் சார்ந்தது என்று மைஎஸ்கியூஎல் 8க்கே தெரியும். வகுப்பில் படித்த ஃபங்ஷனல் டிபெண்டென்சிதான் இது.

நெட்டில் தேடினால் அந்தக் கட்டுப்பாட்டை அணைத்துவிடச் சொல்வார்கள். அணைக்காதீர்கள். வீட்டு லேப்டாப்பிலும் அதைப் போட்டுவிடுங்கள், பிழை அங்கேயே தெரியட்டும்.

பழைய செக்ரோல்:

மகள், நான் தோட்டத்து ஆபீசில் நெடுங்காலம் செக்ரோல் (தொழிலாளர் வேலை, சம்பளப் பதிவு) எழுதியவன், கம்ப்யூட்டர் அவ்வளவு தெரியாது, ஆனால் மேலே தம்பி எழுதியதை வாசித்ததும் எங்கள் வேலை அப்படியே தெரிந்தது. கொழுந்துக் கணக்கை ஒரு புத்தகத்தில் ஆள் ஆளாகக் கூட்டி முடிப்போம். முற்பணம், சந்தா வேறு புத்தகம், அதையும் கூட்டி முடிப்போம். இரண்டு கூட்டுத் தொகையை மட்டும்தான் சம்பளப் பட்டியலில் அந்த ஆளின் வரிக்கு எடுத்து வருவோம். ஒவ்வொரு நாள் கொழுந்துக்கு எதிரே சந்தாவை எழுதி எவரும் கூட்டியதில்லை.

உங்கள் டேபிளில் வேறு இரண்டு இடம் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் நிறுப்பதில்லை என்று உங்கள் அம்மாவுக்கே தெரியும், காலை, பகல், பின்னேரம் என்று நிறுப்பார்கள், நடுவில் மலையும் மாறலாம். இலக்கமும் திகதியும் சேர்ந்தால் ஒரு வரிதான் என்று பூட்டி வைத்திருந்தால் இரண்டாவது நிறுவையை உள்ளே விடாது. எந்த நிறுவை என்பதற்கும் ஒரு இடம் வையுங்கள். மற்றது சம்பளம். நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படை 1350 ஆனது. அதை ஒரே இடத்தில் ஒரே எண்ணாக வைத்து, மாறும்போது அழித்து எழுதினால் பழைய மாதத் துண்டுகள் எல்லாம் புதிய கணக்கில் வந்து நிற்கும். எந்தத் திகதியிலிருந்து எது என்று தனியாக எழுத வேண்டும், நோர்மும் (ஒரு நாளைக்கு எடுக்க வேண்டிய கிலோ) அப்படியே. ஊழியர் சேமலாப நிதியில் தொழிலாளியிடம் பிடிப்பது 8 வீதம், தோட்டம் போடுவது 12. பிடித்தத்தில் 8 மட்டும்தான் வர வேண்டும், மற்றதையும் அதே இடத்தில் போட்டால் அம்மாவின் கையில் வருகிற காசு குறைந்து தெரியும்.

கொட்டகலை மாணவி:

ஐயா, அண்ணா, எல்லோருக்கும் மிக்க நன்றி. 214க்கு 100, 2050. கொழுந்தில் நிறுவை என்று ஒரு கொலம் (நிரல்) சேர்த்து, இலக்கம், திகதி, நிறுவை மூன்றையும் பிரைமரி கீ ஆக்கினேன், இனிப் பகல் நிறுவையும் ஏறும். கொ.மலையை எடுத்ததும் லேப்பில் ஓடுகிறது. அம்மாவிடம் நிறுவை பற்றிக் கேட்டேன், ஐயா சொன்னதையே சொன்னார், ஈரக் கொழுந்துக்குக் கழிக்கிற கிலோவும் எழுத இடம் வேண்டும் என்றும் சொன்னார், அதையும் போடுகிறேன்.

இப்போது 231 வந்துவிட்டார், ஆனால் பிடித்தம் நல், அதனால் சம்பளத்திலிருந்து கழித்தால் கைக்கு வருவதும் நல் ஆகிறது. அப்புறம் சம்பள வீதத்துக்குத் தனி டேபிள் போட்டேன் (தொடக்கம், முடிவு, தொகை). கொழுந்தின் திகதி இரண்டுக்கும் நடுவில் இருந்தால் என்று ஜாயின் எழுதலாமா?

பேராதனை சீனியர்:

நல்லுக்கு கோஅலெஸ்(பி.மொத்தத்தொகை, 0) போதும், நல் வந்தால் அது 0 என்று கொடுக்கும். வெளி செலக்டில் போடுங்கள், உள்ளே போட்டால் பலன் இல்லை, ஏனென்றால் 231க்கு உள்ளே வரியே கிடையாது. கொழுந்து பக்கத்துக்கும் அதையே செய்யுங்கள், ஒரு மாதம் முழுக்க வேலைக்கு வராதவரும் இருப்பார்.

வீத டேபிளை அப்படியே பிட்வீன் போட்டு இணைக்கலாம். ஆனால் நாட்சம்பளம் நாளுக்கு ஒன்று, நிறுவைக்கு ஒன்று அல்ல, அதனால் முதலில் இலக்கமும் திகதியும் வைத்து நாளுக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு வீதத்தோடு இணையுங்கள், இல்லையென்றால் மூன்று தடவை நிறுத்தவருக்கு மூன்று நாள் சம்பளம் விழும். பிட்வீன் இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளும், ஒரு வரியின் முடிவும் அடுத்த வரியின் தொடக்கமும் ஒரே திகதியாக இருந்தால் அந்த ஒரு நாளுக்கு இரண்டு வீதம் பொருந்தி, கூட்டுத்தொகை மறுபடி பெருகும். இணைத்த பிறகு இலக்கம், திகதி வைத்து குரூப் பை, ஹேவிங் கவுண்ட்(*) > 1 என்று ஒரு குவெரி ஓட்டுங்கள். ஒரு வரியும் வராவிட்டால் சரி.