புரோஸ்டேட்டுக்குப் பின்னால் பிறவி நீர்க்கட்டி: அகற்றத்தான் வேண்டுமா?

கேள்வி:
என் வயது 32. திருமணமாகிச் சில ஆண்டுகளாகியும் குழந்தை இல்லாததால் செய்த பரிசோதனையில், விந்தின் அளவு 0.8 மி.லி. மட்டுமே என்றும் அதில் உயிரணுக்கள் இல்லை என்றும் தெரியவந்தது. ஸ்கேனில், சிறுநீர்ப்பைக்குக் கீழுள்ள புரோஸ்டேட் சுரப்பிக்குப் பின்னால், நடுக்கோட்டில் ஒரு நீர்க்கட்டி தெரிகிறது. பிறவியிலேயே உண்டானதாக இருக்கலாம் என்கிறார்கள். எனக்கு வலி எதுவும் இல்லை. இது புற்றுநோயாகுமா? அகற்றியே ஆக வேண்டுமா?

மறுமொழி 1:
பெண் கருவில் கருப்பையாக வளரும் முல்லேரியன் குழாய்கள், ஆண் கருவிலும் தொடக்கத்தில் இருக்கும். விரைகள் சுரக்கும் ஒரு ஹார்மோன் எட்டாவது வாரத்தையொட்டி அவற்றைச் சுருங்கச் செய்கிறது. முழுவதும் மறையாமல் தங்கிவிடும் எச்சத்தில் நீர் கோத்தால் இத்தகைய கட்டி உண்டாகிறது. புற்றுநோய் மிக அரிது; தொல்லை தராத கட்டியைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவார்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரிதான், ஆனால் உங்களுக்கு வலி இல்லை என்பதாலேயே தொல்லையும் இல்லை என்று கொள்ள முடியாது. விந்து வெளியேறும் இரு குழாய்களும் இந்தக் கட்டியை ஒட்டியே செல்வதால், கட்டி பெரிதாகும்போது அவை நசுங்கி, விந்தின் பெரும்பகுதி நீரைச் சுரக்கும் விந்துப்பையின் நீரும் உயிரணுக்களும் வெளிவராமல் தடைபடலாம். அப்போது விந்து குறைந்து அமிலத்தன்மை அடைவதோடு, விந்துப்பை சுரக்கும் ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரையும் அதில் காணப்படாது. விரையிலிருந்து உயிரணுக்களைக் கொண்டுசெல்லும் விந்து நாளங்கள் பிறவியிலேயே இல்லாதவர்களுக்கும் இதே முடிவுகள் வரும் என்பதால், அந்த நாளங்கள் உள்ளனவா என்று மருத்துவர் விரைப்பையைக் கையால் தொட்டுப் பரிசோதிப்பதைத் தவிர்க்கக் கூடாது. ஆசனவாய் வழி ஸ்கேனும் எம்ஆர்ஐயும் தடையை உறுதிசெய்தால், சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்திக் கட்டியின் மேற்சுவரைத் திறந்துவிடுவார்கள். வெளியே தையல் இருக்காது. விந்துப் பாதைக்குள் சிறுநீர் பின்னோக்கிப் பாய்வதும், விரையை ஒட்டியுள்ள சுருள் குழாயான விரைமேல் நாளத்தில் தொற்று வருவதும் இதன் பக்கவிளைவுகள். எல்லோருக்கும் உயிரணு திரும்புவதில்லை என்பதால், விரையிலிருந்து நேரடியாக உயிரணு எடுத்துச் சோதனைக்குழாய் முறையில் கருவுறச் செய்யும் வழியையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

மறுமொழி 3:
கட்டி உண்மையில் நடுக்கோட்டில்தான் இருக்கிறதா என்று மீண்டும் கேளுங்கள். ஒரு பக்கமாக, விந்துப்பையில் இருந்தால், அதே பக்கச் சிறுநீரகம் பிறவியிலேயே இல்லாதிருக்கலாம். 1914-இல் விவரிக்கப்பட்ட இந்நிலையை ஜின்னர் நோய்க்குறி என்பார்கள்.

கேட்டவர்:
நன்றி. இரு சிறுநீரகங்களும் இயல்பாக உள்ளன என்று அறிக்கையில் இருக்கிறது. ஃபிரக்டோஸ் சோதனை செய்யப்படவில்லை. அதைச் செய்த பின்பே அறுவைச் சிகிச்சை பற்றி முடிவெடுப்பேன்.