லூசியன் காம்ப்ளேன்: 17 ஆட்டங்களை எப்படி எடைபோடுவது?

கேள்வி (பாளையங்கோட்டை):
அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம். மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்து வருகிறேன். பேக், அதாவது கோலுக்கு முன்னே நின்று தடுக்கும் இடத்தில், ஆடச் சொன்னாலே பையன்களின் முகம் வாடிவிடுகிறது. கோல் போட்டவன் பெயர்தான் பேப்பரில் வரும் என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதற்காகப் பழைய தடுப்பாட்டக்காரர்களைத் தேடிப் படித்தபோது, பிரான்ஸ் அணியின் லூசியன் காம்ப்ளேன் கண்ணில் பட்டார். ஆனால் 1911 முதல் 1923 வரை நாட்டுக்காக அவர் ஆடியவை 17 ஆட்டங்கள்தாம். இதை வைத்து அவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று சொல்லலாமா?

பதில் (தென்காசி):
தாராளமாகச் சொல்லலாம், தம்பி. அவர் பிறந்தது 1890இல். முதல் உலகப் போரால் 1914 நடுவிலிருந்து 1919 வரை பிரான்ஸ் அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. ஒரு பேக்குக்கு உடலும் அனுபவமும் ஒருசேர வாய்க்கும் வயதை அவரிடமிருந்து போர் எடுத்துக்கொண்டது. அப்படியிருந்தும் திரும்பி வந்து, ரெட் ஸ்டார் என்ற கிளப் அணியோடு 1921, 1922, 1923 என்று தொடர்ந்து மூன்று முறை பிரெஞ்சுக் கோப்பையை வென்றார். நாட்டு அணிக்கும் தலைவரானார்.

பதில் (அம்பாசமுத்திரம்):
அக்காலத்து ஆப்சைடு விதியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், ஏனெனில் பேக்கின் மூளை அதில்தான் தெரியும். 1925 வரை, தன் அணியினர் பந்தைத் தட்டும் நேரத்தில் முன்னே நிற்பவனுக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவராவது இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் அது ஆப்சைடு என்னும் தவறு. அணிக்கு இரண்டே பேக்குகள் என்பதால், ஒருவர் பின்னே காவல் நிற்க, மற்றவர் சரியான நொடியில் இரண்டு எட்டு முன்னே வந்தாலே எதிரி ஆப்சைடில் மாட்டிக்கொள்வான். அந்த எட்டைத் தாமதமாக வைத்தால் கோல் விழும். காம்ப்ளேன் விளையாடிய காலம் முழுவதும் இந்த விதியே இருந்தது.

பதில் (வீரவநல்லூர்):
1921 மே 5 அன்று பாரிஸில், பெர்ஷிங் மைதானத்தில், அவர் தலைமையில் பிரான்ஸ் முதன்முறையாக இங்கிலாந்தை 2-1 என்று வென்றது. வந்தது தொழில்முறை அணியன்று, அமெச்சூர் அணி. இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் அதே இங்கிலாந்து அமெச்சூர் அணியிடம்தான் 1906இல் பிரான்ஸ் 15-0 என்று தோற்றிருந்தது. பதினைந்து கோல் வாங்கிய அணி பதினைந்தே ஆண்டுகளில் ஒன்றோடு நிறுத்தியது என்றால், அதில் பேக்கின் பங்கைப் பிள்ளைகளே உணர்ந்துகொள்வார்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, அண்ணாச்சி. நாளைப் பயிற்சியில் ஒரு பாதி ஆட்டத்தைப் பழைய விதிப்படியே ஆட வைக்கப்போகிறேன். அந்த மூவரில் கோல்கீப்பரும் சேர்த்திதானே?

பதில் (அம்பாசமுத்திரம்):
சேர்த்திதான். கீப்பரையும் பின்னே நிற்கும் பேக்கையும் கழித்தால், ஆட்டம் அந்த மூன்றாவது ஆளின் கையில் இருக்கிறது. அந்த இடத்தில், பேக் ஆட மாட்டேன் என்று அதிகம் முரண்டு பிடிக்கும் பையனை நிறுத்துங்கள்.