ஜிஎம்-சிஎஸ்எஃப் சேர்த்தும் சுண்டெலி மஜ்ஜைச் செல்கள் நான்காம் நாளில் இறக்கின்றன: உதவி தேவை

புதியவன்37: வணக்கம். சுண்டெலியின் தொடை எலும்பு மஜ்ஜையிலிருந்து டென்ட்ரிட்டிக் செல்களை (நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) வளர்க்கிறேன். மஜ்ஜைச் செல்களை வளரத் தூண்டும் புரதமான ஜிஎம்-சிஎஸ்எஃப்-ஐ (மரபணு மறுசேர்க்கை முறையில் தயாரித்தது) வழக்கமான அளவில் சேர்த்தும், தொடர்ந்து மூன்று முறை நான்காம் நாளில் செல்கள் இறந்து மிதக்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் செல்கள் வேண்டும் என்பதால் விரைந்து உதவுங்கள்.

மஜ்ஜைவாசி: வழக்கமான அளவு என்பது ஆளுக்கு ஆள் மாறும். மில்லிலிட்டருக்கு எத்தனை நானோகிராம்? புரதம் சுண்டெலியினுடையதா, மனிதனுடையதா? எம்-சிஎஸ்எஃப் என்ற இன்னொரு வளர்ச்சிப் புரதம் என்றால் மனிதப் புரதமும் சுண்டெலிச் செல்களில் வேலை செய்யும். ஆனால் மனித ஜிஎம்-சிஎஸ்எஃப்-ஐச் சுண்டெலிச் செல்கள் கண்டுகொள்வதே இல்லை. மஜ்ஜையில் கலந்திருக்கும் குறுகிய ஆயுள் வெள்ளணுக்களான நியூட்ரோஃபில்கள் அந்தக் கட்டத்தில் இறப்பது இயல்புதான் என்பதால், மிதப்பவற்றை விட்டுவிட்டு, தட்டின் அடியில் செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

சீரம்சந்தேகி: வளர்ப்பு ஊடகத்தில் சேர்க்கும் சீரத்தின் தொகுதியை மாற்றினீர்களா? செல்களைக் காக்கச் சேர்க்கும் 2-மெர்காப்டோஎத்தனால் 50 மைக்ரோமோலார் இருக்கிறதா? என் அனுபவத்தில் எப்போதும் சீரம்தான் குற்றவாளி.

நச்சுவேட்டை: ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம் என்றால் முதலில் அந்தப் பாக்டீரியாவின் சுவரிலிருந்து வரும் நச்சான எண்டோடாக்சினைச் சந்தேகியுங்கள்.

பழையபைப்பெட்: குப்பியோடு வரும் தாளைப் படிக்காமலே இங்கே ஓடிவருவது வழக்கமாகிவிட்டது. எண்டோடாக்சின் இருந்தால் செல்கள் முன்கூட்டியே முதிர்ந்து, முதிர்ச்சியைக் காட்டும் மேற்பரப்புப் புரதமான சிடி86-ஐ உயர்த்திக் காட்டும்; இப்படிக் கூட்டமாகச் சாவதற்கு அதைக் காரணம் காட்டுவது வெறும் ஊகம். புதியவரே, புரதத்தை எதில், எந்தச் செறிவில் கரைத்தீர்கள், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பதை எழுதினால்தான் பேச முடியும்.

புதியவன்37: மன்னிக்கவும். சுண்டெலிப் புரதம், 20 நானோகிராம். 10 மைக்ரோகிராம் குப்பியை 10 மில்லிலிட்டர் வெறும் பிபிஎஸ்-இல் (உப்புத் தாங்கல் கரைசல்) கரைத்து, ஒரே குழாயில் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். தேவைப்படும்போது உருக்கி எடுத்துவிட்டு மீண்டும் உறைய வைப்பேன். இதே குழாயிலிருந்து எடுத்தபோது முதல் இரண்டு முறை நன்றாக வளர்ந்தன.

மஜ்ஜைவாசி: அந்தக் கடைசி வரியைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது மிகவும் நீர்த்த கரைசல். பிஎஸ்ஏ (மாட்டுச் சீர ஆல்புமின்) போன்ற துணைப்புரதம் இல்லாதபோது ஜிஎம்-சிஎஸ்எஃப் போன்ற சைட்டோகைன் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சியது ஒவ்வொரு உறைதலிலும் செயலிழக்கும். நீங்கள் 20 என்று கணக்கிட்டாலும் செல்களுக்குக் கிடைப்பது அதில் சிறு பங்காகவே இருக்கக்கூடும். புதிய குப்பியைத் திறக்குமுன் மையவிலக்கியில் சுழற்றி, மூடியில் ஒட்டிய பொடியைக் கீழே இறக்குங்கள், 0.1 விழுக்காடு பிஎஸ்ஏ கலந்த பிபிஎஸ்-இல் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமாகக் கரைத்து, ஒருமுறைக்கு மட்டும் போதுமான சிறு பங்குகளாகப் பிரித்து, மைனஸ் 80-இல் வையுங்கள். தானே பனி நீக்கிக்கொள்ளும் ஃப்ரீசர் வேண்டாம்.

சீரம்சந்தேகி: நானோகிராம் கணக்கே ஏமாற்று; செயல்திறன் அலகுகளில் சொல்ல வேண்டும். ஜிஎம்-சிஎஸ்எஃப்-ஐச் சுரக்கும்படி மரபணு சேர்த்த ஜே558எல் செல்களின் மேல்நீர்மத்தைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

பழையபைப்பெட்: அந்த மேல்நீர்மத்தில் எத்தனை அலகு என்று தொகுதிதோறும் அளந்தீர்களா? ஈடி50 (பாதி விளைவைத் தரும் செறிவு) மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராம் என்றால் ஒரு மில்லிகிராமில் ஒரு கோடி அலகு, 20 நானோகிராமில் 200 அலகு. இரண்டும் ஒரே கணக்குதான்.

சீரம்சந்தேகி: அந்த ஈடி50 எந்தச் செல் வரிசையில் அளந்தது என்பதைப் பொறுத்து மாறும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நச்சுவேட்டை: இருந்தாலும் எண்டோடாக்சினை ஒருமுறை சோதிப்பதில் தவறில்லை.

புதியவன்37: புதிய குப்பியை, சொன்னபடி பிஎஸ்ஏ-வுடன் கரைத்தேன், சீரத்தை மாற்றவில்லை. ஆறாம் நாளான இன்று கொத்துகள் தெரிகின்றன. வெள்ளிக்கிழமை தவறிவிட்டது. நன்றி.