ஞாயிறு 'ரோஸ்ட்', கதவு வளையம்: தமிழில் என்ன சொல்லலாம்?

ச., கோவை:
அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாழும் ஒரு குடும்பத்தைப் பற்றிய சிறுவர் நூலைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை கோப்பைப் பதிப்பாளருக்கு அனுப்ப வேண்டும். வரைவை இணைத்திருக்கிறேன். இரண்டு இடங்களில் நின்றுவிட்டேன்.

ஒன்று, ஞாயிறு மதியம் அவர்கள் கூடி உண்ணும் ரோஸ்ட். மாட்டிறைச்சி பெரிய துண்டாக ஓவனில் வெந்து அப்படியே மேசைக்கு வரும். தாத்தா அரிந்து போடுவார். கூடவே கொழுப்பில் மொறுமொறுப்பாக வெந்த உருளைக்கிழங்கு, யார்க்‌ஷயர் புட்டிங் என்ற உப்பிய மாவுப் பண்டம், எல்லாவற்றின் மேலும் ஊற்றக் கிரேவி. 'ரோஸ்ட்' என்றே விட்டால் நம் பிள்ளைகள் நெய் ரோஸ்ட் தோசையைத்தான் நினைப்பார்கள். கிரேவி என்றால் வெங்காயமும் தக்காளியும் அரைத்த மசாலா.

இரண்டு, கிறிஸ்துமஸ் அத்தியாயம். பாட்டிக்கு நிஜ மரம், பலவண்ண விளக்கு, பிள்ளைகள் ஒட்டிய காகிதச் சங்கிலி எல்லாம் வேண்டும். மருமகளுக்கு வெள்ளை விளக்கு மட்டும் போதும். இருவரும் ஒத்துப்போகும் ஒரே பொருள் வாசற்கதவில் மாட்டும் இலை வளையம். அகராதி 'மலர்வளையம்' என்கிறது. அது இழவு வீட்டுக்குப் போகும் சொல். பண்டிகை வீட்டுக் கதவில் அதை எப்படி மாட்டுவது?

இரா., நாகர்கோவில்:
ரோஸ்டுக்குச் சொல் தேடவே வேண்டாம், இருக்கிறது: வாட்டு. 'மனைவாழ் அளகின் வாட்டொடும் பெறுகுவிர்' என்கிறது பெரும்பாணாற்றுப்படை. அளகு என்பது கோழிப்பெடை. இலக்கணமும் இடம் தருகிறது. கூடு என்பது கூட்டு ஆகி, நாம் தினமும் உண்ணும் பண்டத்தின் பெயராக நிற்கவில்லையா? அதே வழியில் வாடு, வாட்டு.

பொருநராற்றுப்படை இன்னும் நெருங்கி வருகிறது. 'காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை'. காழ் என்பது இரும்புக் கம்பி. கொழுத்த இறைச்சியைக் கம்பியில் கோத்துச் சுட்டு, சூடு பொறுக்காமல் வாயின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒற்றி ஒற்றித் தின்கிறான் பொருநன். ஆங்கிலேயரும் பழங்காலத்தில் திறந்த தீயின் முன் கம்பியைச் சுழற்றித்தானே சுட்டார்கள். கதவு வளையத்துக்குத் 'தழைக்கண்ணி' என்று எழுதுங்கள். கண்ணி என்பது தலையில் சூடும் மாலை.

த., லீட்ஸ்:
ஐயா, பாட்டு அருமை. ஆனால் நான் இருக்கும் ஊரில் இறைச்சி நெருப்பைக் காண்பதே இல்லை. எங்கட இலங்கையில் போறணை என்போமே, அப்படி மூடிய அடுப்புக்குள் வேகிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயர் இதை ரோஸ்ட் என்றே ஒப்பியிருக்க மாட்டார்கள். கம்பியிலிருந்து அடுப்புக்குப் போனபோது முறை மாறியது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. வீட்டில் அடுப்பு வசதி இல்லாதவர்கள் தேவாலயத்துக்குப் போகும் வழியில் இறைச்சியை ரொட்டிக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வெந்ததை வாங்கிப்போன காலமும் உண்டு. எனவே 'சுட்ட', 'வாட்டிய' என்று செய்முறையைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். 'ரோஸ்ட்' என்று விடவும் எனக்குச் சம்மதமில்லை. இலங்கைப் பிள்ளைக்கு அது ரோஸ்ட் பாண், அதாவது ஒரு வகை ரொட்டி.

'கண்ணி' மட்டும் வேண்டவே வேண்டாம். எங்கட பிள்ளைகளுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் கண்ணிவெடிதான் முன்னால் வரும். எந்தச் சங்கப் பாட்டும் அதை மாற்றாது.

மு., கீழக்கரை:
கிரேவிக்கு ஆணம். எங்கள் வீடுகளில் இன்றும் புழங்கும் சொல். இறைச்சியிலிருந்து இறங்கிய சாற்றை மாவு சேர்த்துக் கொதிக்க வைப்பதுதானே அது? 'இறைச்சி ஆணம்' என்றால் மசாலாவும் நினைவுக்கு வராது. புட்டிங்கைப் பெயர்க்க வேண்டாம். முன்பொருவர் பணியாரம் என்று எழுதிய மொழிபெயர்ப்பைப் பார்த்தேன், இனிப்பு என்றே படித்தேன்.

த., லீட்ஸ்:
ஆணம் நல்ல சொல். புட்டிங் பற்றி ஒன்று. முட்டை, மாவு, பால் கரைசலைக் காய்ந்த கொழுப்பில் ஊற்றினால் உப்பி வரும் பண்டம் அது. 1747இல் வெளியான ஹன்னா கிளாஸின் சமையல் நூலிலேயே யார்க்‌ஷயர் என்ற பெயரோடு இருக்கிறது. முன்பு இதைக் கிரேவியோடு முதலில் பரிமாறி வயிற்றை நிரப்பிவிடுவார்களாம், விலை கூடிய இறைச்சி எல்லோருக்கும் எட்ட வேண்டுமே. இதை அடிக்குறிப்பில் சேருங்கள். அந்த மேசையின் சிக்கனம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

கிறிஸ்துமஸ் மரம் பற்றியும் ஒன்று. 1800இல் சார்லட் அரசி வின்சரில் ஒரு மரம் வைத்தார். ஆனால் விக்டோரியா அரசியின் குடும்பம் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் வழக்கம் வீடுகளில் பரவியது. அலங்காரத்தை எப்போது இறக்குவது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஜனவரி 5 என்போரும் உண்டு, 6 என்போரும் உண்டு. பழைய வழக்கில் பிப்ரவரி 2 வரைகூடப் பசுந்தழை தொங்கியது. உங்கள் நூலின் பாட்டி எந்தக் கட்சி?

இரா., நாகர்கோவில்:
கண்ணியைத் திரும்பப் பெறுகிறேன். லீட்ஸ் அன்பர் சொன்னபின் அதை எழுத மனம் வராது. 'தழைவளையம்' இருக்கட்டும். ஆனால் மின்னும் சரத்துக்கு 'ஜிகினா' என்று வரைவில் போட்டிருக்கிறீர்களே, 'காக்கைப்பொன்' இருக்கும்போது எதற்கு?

ச., கோவை:
ஐயா, ஜிகினா எட்டு வயதுப் பிள்ளைக்குக் கையில் ஒட்டும் சொல். காக்கைப்பொன்னை நான் விளக்க வேண்டியிருக்கும், கதை நின்றுவிடும். பாட்டி ஜனவரி 6 கட்சி, மருமகள் புத்தாண்டு அன்றே இறக்கிவிடுகிறாள்.

நேரமாகிவிட்டது. தழைவளையம், ஜிகினா, இறைச்சி ஆணம், யார்க்‌ஷயர் புட்டிங், ஓவன் என்று வைத்துக்கொள்கிறேன். போறணையைத் தமிழ்நாட்டுப் பதிப்பில் சேர்க்க முடியவில்லை, வருத்தம்தான். ரோஸ்டுக்குத் தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் 'ஞாயிறு விருந்து' என்பதற்கே ஆதரவு அதிகம். தட்டில் இருப்பதைச் 'சுட்ட இறைச்சி' என்று எழுதுகிறேன்.

இரா., நாகர்கோவில்:
'விருந்தே தானும் புதுவது புனைந்த யாப்பின் மேற்றே' என்பது தொல்காப்பியம். விருந்து என்றால் புதுமை, புதிதாய் வந்தவர். வாராவாரம் அதே மேசையில் அதே தாத்தா, அதே பேரப்பிள்ளைகள் உண்பது விருந்தாகாது. சொந்தக்காரர்கள் வழக்கமாய்க் கூடுவதுதான் அந்த அத்தியாயத்தின் உயிரே. என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். தாத்தா கத்தியைத் தீட்டும் அந்த ஒரு வரியிலாவது 'வாட்டு' வரட்டும்.

த., லீட்ஸ்:
விருந்து பற்றி ஐயா சொல்வது சரி. 'ஞாயிற்றுச் சாப்பாடு' என்று எளிதாக எழுதினால் என்ன? வெள்ளிக்கு முன் மாற்ற முடியுமா, ச. அக்கா?