பதிவு முகவரை மாற்றிய கதை: அமெரிக்கத் தமிழ்ச் சங்க நிர்வாகிகளின் அனுபவங்கள்

டாலஸ் பகுதி, சங்கச் செயலாளர்:

எங்கள் தமிழ்ச் சங்கம் டெக்சாஸ் மாநிலத்தில் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்யப்பட்டது. நிறுவனத்தின் சார்பில் நீதிமன்ற, அரசு ஆவணங்களைப் பெற்றுக்கொள்ளும் பதிவு முகவர் (registered agent) ஒருவர் சட்டப்படி இருந்தாக வேண்டும் என்பதால், தொடங்கிய காலத்துத் தலைவர் தம் பெயரையும் வீட்டு முகவரியையும் கொடுத்திருந்தார். முகவரி மாநிலத்துக்குள் இருக்க வேண்டும். தபால் பெட்டி எண் செல்லாது. அலுவலக நேரத்தில் நீதிமன்ற அழைப்பாணை வந்தால் வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இருக்க வேண்டும். பள்ளி அரங்கை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் விழா நடத்தும் அமைப்புக்குச் சொந்தக் கட்டடம் ஏது? யாரேனும் ஒருவர் வீடுதான் அலுவலகம்.

சில ஆண்டுகளில் அவர் வேலை மாறி வட கரோலினாவுக்குப் போனார், வீட்டையும் விற்றுவிட்டார். அதன் பிறகு வந்த செயற்குழுக்கள் வங்கிக் கணக்கில் கையொப்பமிடுவோரின் பெயர்களை மாற்றின, இணையதளத்தின் கடவுச்சொல்லைக் கைமாற்றின, ஒலிபெருக்கியும் குத்துவிளக்கும் யார் வீட்டுக் கார் நிறுத்தும் கூடத்தில் இருக்கின்றன என்பதற்குப் பட்டியல்கூட எழுதின. பதிவு முகவரின் பெயரை மட்டும் யாரும் தொடவில்லை. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

டெக்சாஸில் நம்மைப் போன்ற அமைப்புகள், நிறுவனங்களைப் பதிவு செய்யும் மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் அறிக்கை அனுப்ப வேண்டியதில்லை. நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறைக்கு மிகாமல், அவர்கள் கேட்கும்போது மட்டும் 802ஆம் எண் படிவத்தை நிரப்பித் தர வேண்டும். கேட்டு வரும் கடிதம் பதிவேட்டில் உள்ள முகவரிக்குத்தான் போகும். எங்களுக்கான கடிதம் வீட்டை வாங்கியவர்களின் கைக்குப் போயிருக்கிறது. அவர்கள் அதை விளம்பரத் தாள்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. 30 நாள்களுக்குள் அறிக்கை போகாவிட்டால் நிறுவனம் செயல்படும் உரிமையை இழக்கிறது. அந்த இழப்பு பற்றிய அறிவிப்பு அனுப்பப்பட்டு 120 நாள்கள் ஆகியும் சரிசெய்யாவிட்டால் நிறுவனமே கலைக்கப்பட்டதாகக் கருதப்படும். அந்த இரண்டாவது அறிவிப்பும் அதே வீட்டுக்குத்தான் போனது.

அரங்கம் வாடகைக்குக் கேட்டபோது, எங்கள் அமைப்பு நடப்பில் உள்ளது என்பதற்குச் சான்று கேட்டார்கள். மாநிலப் பதிவேட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் நிலைமை புரிந்தது. நல்ல வேளையாக 120 நாள்கள் முடியவில்லை. 802ஆம் படிவத்திலேயே புதிய பதிவு முகவரையும் அலுவலக முகவரியையும் குறிக்க இடம் இருப்பதால், தாமதக் கட்டணத்தோடு அதைத் தாக்கல் செய்து இரண்டையும் ஒருசேர முடித்துக்கொண்டோம்.

அறிக்கை கேட்கப்படாத காலத்தில் முகவரை மாற்ற 401ஆம் படிவம் இருக்கிறது. மற்ற நிறுவனங்கள் அதற்கு 15 டாலர் கட்ட வேண்டும்; இலாப நோக்கற்றவற்றுக்கு 5 டாலர். ஓர் எச்சரிக்கை: 2010 ஜனவரி 1 முதல், முகவராகப் பெயர் குறிக்கப்படுபவர் எழுத்து மூலமோ மின்வழியாகவோ ஒப்புதல் தந்திருக்க வேண்டும். அந்த ஒப்புதலுக்கு 401-ஏ என்று தனிப் படிவம் உண்டு. அதை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டியதில்லை, சங்கக் கோப்பில் வைத்திருந்தால் போதும். ஆனால் 401இல் கையொப்பமிடுபவர் ஒப்புதல் பெற்றாயிற்று என்று உறுதி கூறுகிறார். பொய்யாகக் கூறினால் அது தண்டனைக்குரியது. “அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார், பெயரைப் போட்டுவிடுங்கள்” என்று கூட்டத்தில் யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மற்ற மாநிலங்களில் உள்ளவர்கள் தங்கள் அனுபவத்தையும் எழுதினால் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு உதவும்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, தமிழ்ப் பள்ளி நிர்வாகி:

கலிஃபோர்னியாவில் நடைமுறை இன்னும் எளிது. முகவரை மாற்றத் தனிப் படிவம் தேவையில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை 20 டாலர் கட்டணத்தோடு நாம் தாக்கல் செய்யும் தகவல் அறிக்கையிலேயே முகவரின் பெயரும் இருக்கிறது. இடைக்காலத்தில் மாற்றம் வந்தால் அதே அறிக்கையைத் திருத்தி மீண்டும் தாக்கல் செய்யலாம், அதற்குக் கட்டணமே கிடையாது. இரண்டாண்டு அறிக்கையைத் தவறவிட்டால் மட்டும் 50 டாலர் அபராதம் வரும்.

எங்கள் முகவராக இருந்த பள்ளியின் முன்னாள் முதல்வர் பணி ஓய்வுக்குப் பின் சென்னைக்கே திரும்பிவிட்டார். தனிநபர் முகவராக இருந்தால் அவர் இந்த மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டும். பள்ளி தனக்குத் தானே முகவராக இருக்க முடியாது. அடுத்து யார் பெயரைக் கொடுப்பது என்று பேசியபோது, தன்னார்வ ஆசிரியை ஒருவர் முதலில் ஒப்புக்கொண்டார். வீட்டு முகவரி இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி நிற்கும் என்று அறிந்ததும் மறுத்துவிட்டார். அவருடைய தயக்கம் நியாயமானது. மதிப்பெண் விஷயத்தில் கோபித்துக்கொண்ட பெற்றோர் ஒருவர் நேராக வீட்டு வாசலுக்கு வந்து நின்ற அனுபவம் எங்கள் ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே உண்டு. ஆகவே முகவர் சேவை தரும் நிறுவனம் ஒன்றை அமர்த்தினோம். அத்தகைய நிறுவனம் தன் முகவரியை மாநிலத்திடம் முன்னரே பதிந்திருக்கும் என்பதால் படிவத்தில் பெயரை மட்டும் குறித்தால் போதும். ஆண்டுச் சந்தா நூறு டாலருக்கு மேல் ஆகிறது. சிறிய பள்ளிக்கு அது சுமைதான், ஆனாலும் எங்கள் குழுவில் யாரும் எதிர்க்கவில்லை.

சிகாகோ புறநகர், முன்னாள் இயக்குநர் குழு உறுப்பினர்:

மேலே எழுதிய இருவருக்கும் முகவர் ஊரை விட்டுப் போனது சிக்கல். எங்களுக்கோ முகவர் ஊரிலேயே இருந்ததுதான் சிக்கல்.

தேர்தலில் தோற்ற அணியின் முன்னாள் தலைவரே பதிவு முகவர். புதிய குழு மாற்றம் கேட்டபோது, தேர்தலே செல்லாது என்றும், தம் கையொப்பம் இல்லாமல் எதுவும் நடக்காது என்றும் அவர் சொன்னார். எங்களில் பாதிப் பேர் அதை நம்பி, சமாதானத் தூது போவதிலேயே காலத்தைக் கழித்தார்கள். உண்மை அதுவல்ல. முகவரைத் தேர்ந்தெடுப்பது நிறுவனத்தின் உரிமை. வெளியேறும் முகவரின் சம்மதத்தைச் சட்டம் கேட்பதில்லை. இல்லினாய்ஸ் படிவத்தின் எண் என்எஃப்பி 105.10/105.20; கட்டணம் 5 டாலர். மாற்றம் இயக்குநர் குழுவின் தீர்மானத்தால் நடக்கிறதா, அல்லது முகவரே தம் அலுவலக முகவரியை மாற்றிக்கொள்கிறாரா என்று அதில் குறிக்க வேண்டும். முதல் வகையைக் குறித்து நிறுவனத்தின் அலுவலர் ஒருவர் கையொப்பமிட்டால் போதுமானது.

ஆனால் இதே எளிமை இன்னொரு பக்கமும் வெட்டும். மாநிலச் செயலர் அலுவலகம் நீதிமன்றம் அல்ல. படிவம் முறையாக நிரப்பப்பட்டிருக்கிறதா, கட்டணம் வந்ததா என்று பார்த்துப் பதிவு செய்யுமே தவிர, தேர்தலில் வென்றது யார் என்று விசாரிக்காது. எனவே நாங்கள் மாற்றிய சில வாரங்களில் எதிர் அணியும் தாங்களே இயக்குநர் குழு என்று சொல்லிக்கொண்டு அதே படிவத்தைத் தாக்கல் செய்து பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது. அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது எடுத்த பெண்மணி மிகப் பொறுமையாக, “இது உங்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்” என்றார்.

கடைசியில் எங்களைக் காப்பாற்றியது கூட்டக் குறிப்பேடு. பொதுக்குழு அறிவிப்பு விதிமுறைப்படி எத்தனை நாள் முன்னதாக அனுப்பப்பட்டது, எத்தனை பேர் வந்தார்கள், தேர்தல் அலுவலர் அறிவித்த முடிவு என்ன என்பதெல்லாம் அன்றே எழுதப்பட்டுக் கையொப்பமாகியிருந்தன. எதிர் அணியின் வழக்கறிஞர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் தம் கட்சிக்காரர்களிடம் என்ன சொன்னாரோ, அதன் பிறகு அவர்கள் அடுத்த படிவம் எதையும் தாக்கல் செய்யவில்லை. நாங்கள் மீண்டும் 5 டாலர் கட்டி எங்கள் முகவரைப் பதிந்தோம். இன்றும் சங்கப் பொருளாளர் மாதம் ஒரு முறை மாநிலப் பதிவேட்டைத் திறந்து முகவர் பெயர் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார். கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம். எங்கள் ஊர் அரசியலைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நியூயார்க், அறக்கட்டளை உறுப்பினர்:

எங்கள் மாநிலத்தில் பதிவு முகவர் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. சட்டப்படி மாநிலச் செயலரே நிறுவனத்தின் சார்பில் அழைப்பாணையைப் பெற்றுக்கொள்கிறார். பிறகு நாம் கொடுத்து வைத்திருக்கும் முகவரிக்கு அதன் படியை அனுப்புகிறார். ஆகவே இங்கே மாற்ற வேண்டியது பெரும்பாலும் அந்த முகவரியைத்தான். அதற்கு மாற்றச் சான்று என்ற ஆவணத்தை மாநிலத் துறையில் தாக்கல் செய்ய வேண்டும். வணிக நிறுவனங்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறை தரும் அறிக்கை இலாப நோக்கற்றவற்றுக்கு இல்லை என்பதால், முகவரி பழையதாகிவிட்டதை நினைவூட்ட எந்தக் கடிதமும் வராது. எங்கள் அறக்கட்டளையின் பதிவில் இருந்தது, குவீன்ஸில் தொடக்ககால உறுப்பினர் ஒருவர் திருமணத்துக்கு முன் வாடகைக்கு இருந்த அடுக்குமாடி வீடு. அவருடைய மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

ஹூஸ்டன், சங்கத்தின் முன்னாள் தலைவர்:

முகவர் சேவை நிறுவனத்தை அமர்த்திவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் விழா ஒன்றில் அரங்க வாசலில் வழுக்கி விழுந்த பார்வையாளர் ஒருவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். அழைப்பாணை முறைப்படி முகவர் நிறுவனத்துக்குப் போனது. அவர்களும் அன்றே அதை மின்படியாக்கித் தங்கள் இணையக் கணக்கில் ஏற்றி, மின்னஞ்சலும் அனுப்பிவிட்டார்கள். மின்னஞ்சல் போனது, கணக்கைத் தொடங்கிய முன்னாள் பொருளாளரின் தனிப்பட்ட முகவரிக்கு. டெக்சாஸில் அழைப்பாணை கிடைத்து 20 நாள்கள் கழிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் பதில் மனு தாக்கலாக வேண்டும். இல்லையென்றால் நம்மைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிடலாம். முகவரிடம் ஒப்படைத்தாலே நிறுவனத்திடம் ஒப்படைத்ததாகத்தான் சட்டம் கொள்ளும். “எங்களுக்குத் தெரியாது” என்பது எளிதில் எடுபடாது. அந்தப் பொருளாளர் விடுமுறையில் இந்தியாவில் இருந்தார். அங்கிருந்தே தற்செயலாகப் பார்த்து எனக்கு வாட்சப்பில் அனுப்பியதால் காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் உரிய காலத்தில் பதில் மனுவைத் தாக்கல் செய்ய முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. சந்தா கட்டாமல் விட்டால் முகவர் நிறுவனம் விலகல் அறிவிப்பைத் தாக்கல் செய்யலாம். மாநிலச் செயலருக்கு அது கிடைத்த 31ஆம் நாளில் விலகல் நடைமுறைக்கு வரும். அதற்குள் புதிய முகவர் பெயரைப் பதிய வேண்டும். முகவரே இல்லாமல் இருந்தாலும் வழக்கு நின்றுவிடாது. அழைப்பாணையை மாநிலச் செயலரிடமே ஒப்படைக்க டெக்சாஸ் சட்டம் வழி வைத்திருக்கிறது.

நியூ ஜெர்சி, கணக்காளர்:

பல சங்கங்களுக்கு வரிப் படிவம் தயாரித்துக் கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மாநிலத்தில் முகவரை மாற்றினால் அது மத்திய வருமான வரித் துறைக்குத் தெரியாது. சங்கத்தின் அஞ்சல் முகவரியும் அதே வீடாக இருந்தால் 8822-பி படிவத்தைத் தனியே அனுப்ப வேண்டும். பொறுப்பாளர் என்று அத்துறையிடம் பெயர் கொடுத்திருப்பவர் மாறினால் 60 நாள்களுக்குள் அதே படிவத்தில் தெரிவிக்க வேண்டும். வரிவிலக்கு பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் அத்துறைக்குத் தரும் 990 வகைப் படிவம் எதையும் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தராத அமைப்பின் வரிவிலக்கு தானாகவே போய்விடும். அப்படி இழந்தவர்கள் பலர் என்னிடம் வந்தபோது சொன்ன முதல் வாக்கியம், “எங்களுக்குக் கடிதமே வரவில்லை” என்பதுதான்.

டாலஸ் பகுதி, சங்கச் செயலாளர்:

அனைவருக்கும் நன்றி. ஹூஸ்டன் நண்பர் எழுதியதைப் படித்த அன்றே எங்கள் கோப்பில் இருக்கும் மின்னஞ்சல் முகவரிகளைச் சரிபார்த்தேன்.

மாற்றம் பதிவான சில வாரங்களில் உங்களுக்கும் சில கடிதங்கள் வரும். கழுகுச் சின்னம், நிறுவனத்தின் பதிவு எண், கெடு தேதி எல்லாம் இருக்கும். சான்றிதழுக்கோ ஆண்டுக் குறிப்பேட்டுக்கோ பணம் கட்டச் சொல்லும். பதிவேடு பொதுவில் இருப்பதால் அதிலிருந்து விவரத்தை எடுத்து அனுப்பும் தனியார் வேலை அது. கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில், இது அரசு நிறுவனம் அல்ல என்ற வரி இருக்கும். எங்கள் பொருளாளர் காசோலை எழுதும் நிலைக்கே போய்விட்டார்.

தீர்மான வாசகத்தைச் சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். நாங்கள் எழுதியது சுருக்கமாக இதுதான்: “சங்கத்தின் தற்போதைய பதிவு முகவரின் நியமனம் இத்துடன் முடிவுக்கு வருகிறது. எழுத்து மூலம் ஒப்புதல் அளித்துள்ள இன்னாரைப் புதிய பதிவு முகவராகவும், அவருடைய இன்ன முகவரியைப் பதிவு அலுவலகமாகவும் இயக்குநர் குழு நியமிக்கிறது. உரிய படிவத்தில் கையொப்பமிட்டுத் தாக்கல் செய்யச் செயலாளருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது.” இதன் கீழே கூட்டத் தேதி, வந்திருந்தோர் பெயர்கள், வாக்கு விவரம். தீர்மானம், 401-ஏ ஒப்புதல், மாநிலம் திருப்பி அனுப்பிய தாக்கல் சான்று மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து, வங்கிக் கையொப்ப மாற்றப் படிவம் இருக்கும் அதே உறையில் வைத்திருக்கிறோம். புதிய குழு பொறுப்பேற்ற வாரத்தில் வங்கிக்குப் போகாமல் இருக்காது. அப்போது இந்தத் தாள்களும் கையில் வந்துவிடும்.